முள் இல்லாத கடிகாரம்

“அவ கை சரியில்லைம்மா. திங்கட்கிழமையோட அனுப்பிடலாம்” என்றார் எங்கள் முதலாளி. சொல்லிவிட்டு, ஓட்டை நாற்காலி ஒன்றை வெளியே போடச் சொன்னவர் போல டீயை ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலை செய்கிற இடத்திலும் சொல்வார்கள். சொல்லட்டும். அன்றைக்கு வந்தது நியாயமான கோபம் என்று இப்போதும் அடித்துச் சொல்வேன்.

நாங்கள் வேலை செய்வது மைசூரு ஹெப்பாளில். ஐ.டி. கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிப் போகிற சாலையைத் தாண்டி, தொழிற்பேட்டைக்குள் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட சின்னத் தொழிற்சாலை. செய்வது கடிகாரம். கடிகாரம் என்றதும் சுவரில் மாட்டுவதையும் கையில் கட்டுவதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய உலோக டப்பா, அவ்வளவுதான். உள்ளே ஒரு குவார்ட்ஸ் சில்லு இருக்கும். அதை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்க ஒரு குட்டி அடுப்பு இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அந்தச் சில்லு விநாடிக்கு ஒரு கோடி முறை துடிக்கும். அதற்கு முள் கிடையாது, முகம் கிடையாது. போன் டவரிலும் ஆஸ்பத்திரிக் கருவியிலும் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் எல்லாம் தாளம் தப்பாமல் இருக்க உதவிக்கொண்டிருக்கும்.

அந்த ஒரு கோடி இன்றைக்கும் நாளைக்கும் அடுத்த மாதமும் ஒரு கோடியாகவே இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு முழுத் துடிப்பு கூடிவிட்டால் அந்த டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். நாங்கள் தேடுவது ஒரு துடிப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கை. எங்களுக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம், மார்டள்ளி. மஞ்சள் வெள்ளாமை போட்டு என்னை டிப்ளமோ படிக்க வைத்த அப்பாவிடம் இதை ஒரு தடவை விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அத்தத் தண்டி சின்னதத் தெரிஞ்சுக்கிட்டு என்ன புள்ள பண்ணப் போற?” என்றார். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

ஒரு கடிகாரம் சரியா தப்பா என்று அதை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இன்னொரு கடிகாரத்தின் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். அதற்கென்று எங்கள் டெஸ்டிங் அறையில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி உண்டு. அதுவும் குவார்ட்ஸ் கடிகாரம்தான், ஆனால் ரொம்ப உயர்ந்த ரகம். முதலாளி எங்கேயோ பழசாக வாங்கி வந்தது. இந்த ரகத்துக்கு ஒரு குணம் உண்டு. நிறுத்தாமல் ஓட ஓடத்தான் நிதானத்துக்கு வரும். நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால், விட்ட இடத்துக்குத் திரும்பி வராமல் வாரக்கணக்கில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கரண்ட் போனாலும் ஓட அதற்குத் தனி பேட்டரி. முன்பக்கம் ஒரு பச்சை விளக்கு எப்போதும் எரியும். ‘நிறுத்தக் கூடாது’ என்று கன்னடத்திலும் தமிழிலும் சிவப்பு மையில் எழுதி நானே முன்னால் ஒட்டியிருந்தேன். வருஷக்கணக்கில் அது நின்றதே இல்லை.

அந்தப் பெட்டிக்கு ‘மூலவர்’ என்று பெயர் வைத்தவளைத்தான் முதலாளி அனுப்பிவிடலாம் என்று சொன்னார். இடத்தை விட்டு நகராமல் இருப்பதால் அது மூலவராம். சோதனைக்கு வந்து வந்து போகிற டப்பாக்கள் எல்லாம் உற்சவர்களாம். “இன்னைக்கு எத்தனை உற்சவருக்கா?” என்று காலையில் கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவாள்.

அவளுக்குத் தர்மபுரிப் பக்கம். கட்டட வேலைக்கு மைசூருக்கு வந்த குடும்பம். எங்கள் தொழிற்சாலையின் பின்கட்டு எழும்பியபோது அதற்குச் செங்கல் சுமந்த சித்தாள்களில் அவளும் ஒருத்தி. கட்டடம் முடிந்ததும் கூட்டிப் பெருக்க உள்ளே வந்தாள், பிறகு பேக்கிங். ஒரு நாள் நேராக முதலாளி முன்னால் போய் நின்று, “எனக்கு ஒட்டுற வேலை குடுங்க சார், செய்யலேன்னா திரும்பப் பேக்கிங்குக்கே போயிடறேன்” என்று கேட்டு வாங்கினாள். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே அந்தச் சில்லைச் சின்னக் கம்பிகளில் வைத்துப் பசையால் ஒட்டுகிற வேலை. பசை ஒரு துளிப் பொட்டுதான். அது கூடினாலும் குறைந்தாலும் சில்லுக்குள் ஓர் இறுக்கம் நின்றுவிடும். அந்த இறுக்கம் மெல்ல மெல்லத் தளரும்போது துடிப்பும் நாளுக்கு நாள் நகரும். முதலாளி அவள் கையைக் குற்றம் சொன்னது இதனால்தான்.

தசரா முடிந்த கையோடு பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு எங்கள் முதல் பெரிய ஆர்டர் போக வேண்டியிருந்தது. அத்தனை டப்பாவிலும் ஒட்டு வேலை அவளுடையது. மூலவரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அத்தனையும் மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒரு நாளில் நகரக்கூடிய அளவு என்று அவர்கள் எழுதிக் கொடுத்ததைத் தாண்டி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாமே ஒரே பக்கம். திங்கட்கிழமை அவர்களுடைய இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது.

“எல்லாமே ஒரே மாதிரி ஏறுதுங்க சார்” என்றேன் முதலாளியிடம். “கை தப்புன்னா ஒண்ணு ஏறும், ஒண்ணு இறங்கும். இப்படிக் கோடு போட்டாப்புல அத்தனையும் சேர்ந்து ஏறாதுங்க.”

“ஒரே கைதானேம்மா? ஒரே பசைதானே? தப்பும் ஒரே மாதிரிதான் வரும்.” அவர் மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கிற தமிழர். பேச்சு சூடானால் பாதி கன்னடத்துக்குப் போய்விடுவார். “சும்னே வாத மாட்பேட, சும்மா வாதம் பண்ணாதே. நம்ம அளவே சரியில்லேன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லச் சொல்றியா?”

எனக்கு எரிச்சலே, அவர் சொன்னதில் ஞாயம் இருந்ததுதான். ஒரே கை, ஒரே தப்பு. அதை இல்லையென்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ‘எனக்குத் தெரியும் சார்’ என்று சொல்லலாம். தெரியும் என்பது அளவு ஆகாது.

வெளியே வந்தால் அவள் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்ததில், எல்லாம் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்தது.

“இது போச்சுன்னா மறுபடியும் சித்தாள் வேலைதான்கா” என்றாள். “நெழல்ல உக்காந்து செய்ற வேலைன்னு ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேன். எங்க மாமியா வாய வேற நீங்க கேட்டதில்ல.”

“அழுது தொலைக்காத. உன் கையில தப்பிருந்தா நானே உன்னய வெளிய தள்ளுவேன். இல்லீன்னா அந்த ஆள் உன்னய அனுப்பறத நானும் பாத்துப்போடறேன்.”

அப்படிப் பெரிய வாயாகப் பேசிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

முதலில் என் கருவிமேலேயே சந்தேகப்பட்டேன். இரண்டு கடிகாரங்களை ஒப்பிட்டு வித்தியாசம் சொல்கிற கருவி அது. அதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரே கடிகாரத்தின் துடிப்பை இரண்டாகப் பிரித்து அதன் இரண்டு வாயிலும் கொடுக்க வேண்டும். தன்னோடு தன்னையே ஒப்பிட்டால் வித்தியாசம் சுத்தமாகப் பூஜ்யமாக இருக்க வேண்டும் அல்லவா? இருக்காது. கொஞ்சம் நடுங்கும். அந்த நடுக்கம் கடிகாரத்துடையது இல்லை, கருவியுடையது. அதற்குக் கீழே எது நடந்தாலும் கருவிக்குத் தெரியாது. வெல்ல மண்டியில் மூட்டை நிறுக்கிற தராசில் ஓர் ஏலக்காயை வைத்தால் என்ன காட்டும்? அந்தக் கதைதான். சில கஸ்டமர்கள் ரிப்போர்ட்டில் புள்ளிக்குப் பின்னால் இன்னும் ஒரு சைபர் சேர்த்துக் கேட்பார்கள். “போட்டுக் குடும்மா, யார் பார்க்கப் போறா” என்பார் முதலாளி. மாட்டேன் என்பேன். கருவிக்குத் தெரியாததை எனக்குத் தெரியும் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? இதற்காக எங்களுக்குள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்ட நாட்கள் நிறைய உண்டு.

அன்றைக்குக் கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. அதன் நடுக்கம் எப்போதும் போல மிகச் சின்னது. டப்பாக்கள் ஏறுகிற ஏற்றம் அதைப்போலப் பல மடங்கு. ஆகவே நகர்வது உண்மை. நகர்வது டப்பாவா, மூலவரா என்பதுதான் கேள்வி.

மூலவரைச் சந்தேகப்பட எனக்கே கூசியது. ஆனால் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு, ‘அவன்தான் நகர்ந்தான்’ என்று ஒருவனை ஒருவன் கைகாட்டினால் யாரை நம்புவது? மூன்றாவதாக ஒருவன் வேண்டும். செயற்கைக்கோளிலிருந்து நேரம் பிடிக்கிற கருவி ஒன்று வாங்கித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்திருந்தது. “மூலவர் இருக்கிறாரே, அப்புறம் எதுக்கு?” என்பார் முதலாளி. மூன்றாவது கடிகாரம் அவள் ஒட்டியதாக இருக்கவும் கூடாது. வேறு கை, வேறு பசை, வேறு காலம். அப்படி ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டும். எங்கே போவேன்?

கையைப் பிசைந்துகொண்டு நிமிர்ந்தபோது, திறந்திருந்த கதவு வழியாக முதலாளி அறை வாசல் தெரிந்தது. வாசலுக்கு மேலே அந்தப் பெரிய சுவர்க் கடிகாரம்.

அது சாதாரணக் கடிகாரம் இல்லை. தொழில் தொடங்கிய காலத்தில் முதலாளி தன் கையாலேயே சில்லை ஒட்டி, தன் கையாலேயே அடுப்பு செய்து, முதல் முதலாகச் செய்த டப்பா அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த ஒரு கோடித் துடிப்பை வகுத்து வகுத்து விநாடியாக்கி முள்ளை நகர்த்துகிறது. அதற்கும் தனி பேட்டரி. வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் அதைக் காட்டி, “ஃபர்ஸ்ட் பீஸ்! நானே ஒட்டினது!” என்பார். தூசு தட்டக்கூட யாரையும் விடமாட்டார்.

“அதைத் தொட்டே, அவ்வளவுதான்” என்றார் நான் போய்க் கேட்டதும்.

“தொட மாட்டேனுங்க சார். பின்னாடி ஒரு சாக்கெட் இருக்குது, அதுல ஒரு ஒயர் மாட்டிக்கறேன். எடுக்க மாட்டேன், நிறுத்த மாட்டேன்.”

“எதுக்கு இத்தனை பாடு? ஒரு பொண்ணுக்காகவா?”

“ஆமாங்க சார். அவளுக்காகத்தான்.”

“திங்கட்கிழமை வரைக்கும். அப்புறம் ஒயர், கியர் எதுவும் இங்கே தொங்கக் கூடாது” என்றார். அவர் சரி என்று சொல்லுகிற விதம் அது.

ஏணியில் நான் ஏற, அவள் கீழே பிடித்துக்கொண்டாள். முதலாளி வாசலிலிருந்து டெஸ்டிங் அறை வரைக்கும் உத்தரத்தின் மேலேயே ஒயர் இழுத்தோம். இழுத்ததும் எனக்கு அடுத்த கவலை பிடித்தது. மதியம் தகரக் கூரை கொதிக்கும். ஒயர் சூடானால் நீளும், நீண்டால் துடிப்பு தாமதமாக வந்து சேரும். அந்தத் தாமதத்தை நான் கடிகாரத்தின் குற்றமாக எண்ணிவிடக் கூடாதே! அதே நீளத்துக்கு இன்னொரு ஒயரை அதே உத்தரத்தில் இழுத்து, ஒரே துடிப்பை அதன் வழியாகச் சுற்றிவிட்டுத் தன்னோடு தன்னையே ஒப்பிட்டேன். மதிய வெயிலுக்கு லேசாக ஓர் அலை எழும்பி அடங்கியது. எனக்கு வேண்டியதைவிட அது சின்ன அலைதான். அதைப் பார்த்த பிறகுதான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

வெள்ளிக்கிழமை ஓடவிட்டோம். சனிக்கிழமை பார்க்கவே இல்லை. பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக் கோட்டைப் பார்த்து முடிவு செய்தால் ஆசைதான் முடிவு செய்யும். ஞாயிற்றுக்கிழமை காலை நான் குடியிருக்கிற அக்ரஹாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தேன். லீவு நாளில் ஹெப்பாள் ரோடு காலியாகக் கிடந்தது. கேட்டுக்கு வெளியே அவள் சித்ரான்னம் கட்டிய தூக்குடன் எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தாள்.

திரையைத் திறந்தேன். மூலவரோடு ஒப்பிட்டால் அவள் ஒட்டிய டப்பா ஏறிக்கொண்டிருந்தது. அது தெரிந்ததுதான். மூலவரோடு ஒப்பிட்டால் முதலாளியின் முதல் பீஸும் ஏறிக்கொண்டிருந்தது. அதே பக்கம், அதே அளவு. இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. பிறகு மூலவரைத் தள்ளிவைத்துவிட்டு, அவள் டப்பாவையும் முதல் பீஸையும் நேருக்கு நேர் ஒப்பிட்டேன். கோடு தரையில் கிடந்தது. கருவியின் நடுக்கத்தைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை.

“அடியேய்!” என்று கத்தினேன். “உன் டப்பா நகரவே இல்லடி! நகர்றது மூலவரு! கீழ எறங்கிக்கிட்டிருக்காரு, அதனாலதான் உன்னுது ஏறுற மாதிரி தெரிஞ்சிருக்குது!”

கூத்தாட வேண்டும் போல இருந்தது எனக்கு. அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

“மூலவரு எதுக்குக்கா எறங்கறாரு?”

“அதான் எனக்கும் புரியல. நிறுத்திப்போட்டு மறுபடி ஓட்டினாத்தான் இப்படி நடக்கும். இவரு நின்னதே கெடையாது, பேட்டரி வேற...”

நான் முடிப்பதற்குள் அவள் தூக்கை மேஜைமேல் வைத்தாள். “நான்தான்கா நிறுத்துனேன்” என்றாள். “ஆயுத பூஜை அன்னைக்கு.”

எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை பெரிதாக நடக்கும். முதல் நாளே எல்லாவற்றையும் துடைத்து, ஒரு மெஷின் விடாமல் நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, செவந்திப்பூ மாலை போட்டு, முதலாளி கையால் ஆரத்தி. பிறகு பொரியும் கடலையும். மறுநாள் விஜயதசமி காலையில்தான் மறுபடி ஓட்டுவோம். ஒவ்வொரு வருஷமும் நான் மூலவர் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நிற்பேன், யாரும் கிட்டே வரமாட்டார்கள். அந்த வருஷம் அம்மா விழுந்து காலை உடைத்துக்கொண்டாள் என்று நான் மார்டள்ளிக்கு ஓடியிருந்தேன்.

“சாரு எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னாரு. நிறுத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கிறது வேலை நாளுக்குன்னு நெனச்சேன்கா. வருசம் பூரா கண்ணு மூடாம நிக்கிறாரே, மூலவருக்கும் நடை சாத்துவாங்கல்ல, ஒரு நாளாச்சும் தூங்கட்டும்னு...”

“நடை சாத்துனியா! நடையா சாத்துன? உன்னய!” அப்போது நான் கத்திய கத்தலில் கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இவள் கைக்காக ஏணி ஏறி, ஒயர் இழுத்து, முதலாளியிடம் சண்டை போட்டு, கடைசியில் அந்தக் கைதான் சுவிட்சை அமுக்கியிருக்கிறது! அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு.

“அப்ப அந்தச் சுவர்க் கடிகாரத்த மட்டும் ஏண்டி விட்ட? அதையும் நிறுத்தித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே?”

அவள் பதறிப்போனாள். “ஐயய்யோ! நல்ல நாளும் அதுவுமா ஓடுற கடிகாரத்த யாராச்சும் நிறுத்துவாங்களாக்கா?”

அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. முள் ஓடுவதால் அது கடிகாரம். நிறுத்தினால் அபசகுனம். மூலவருக்கு முள் இல்லை, அதனால் அவர் மெஷின். யோசித்துப் பார்த்தால் முதலாளி உட்பட அந்தக் கட்டடத்தில் யாரும் வேறு மாதிரி நினைத்திருக்க மாட்டார்கள். அந்தச் சாங்கியம் இல்லாதிருந்தால் எனக்கு மூன்றாவது கடிகாரமும் கிடைத்திருக்காது. தலையில் அடித்துக்கொண்டு தூக்கைத் திறந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

“கரண்ட் போச்சுன்னு சொல்லிடலாமாக்கா?” என்றாள் கடைசியில், மெதுவாக.

“பேட்டரி இருக்கறது அந்த ஆளுக்குத் தெரியாதா? அதுவுமில்லாம, ஒரு சைபரக் கூட்டிப் போடுன்னு கேட்டாலே மாட்டேங்கறவ நானு. இதுல மட்டும் பொய் எழுதுவனா? உன் கை நல்ல கைன்னு நான் எழுதறது நெசமா இருக்கோணும்னா, பக்கத்துல எழுதறதும் நெசமாத்தான் இருக்கோணும்.”

“அப்ப என்னைய அனுப்பிடுவாருக்கா.”

“அனுப்பட்டும் பாக்கலாம்” என்றேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். பெங்களூரு பெண், என்னைவிடச் சின்னவர், அதிகம் பேசாதவர். முதலாளி அறையில் மேஜைமேல் நான் காகிதங்களைப் பரப்பினேன். ஒரே கடிகாரத்தைத் தன்னோடு ஒப்பிட்டது, ஒயரின் அலை, மூன்று கடிகாரங்கள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கன்னடத்தில் இரண்டே கேள்விகள் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். “சரியாக இருக்கிறது. ஆனால் உங்கள் ரெஃபரன்ஸ், அந்தப் பெரிய பெட்டி, ஏன் நகர்ந்தது?”

“அதானே? இத்தனை வருஷம் ஆடாதவரு இப்ப ஏன் ஆடறாரு?” என்றார் முதலாளி.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது. “நான்தான் சார் நிறுத்துனேன். பூஜை அன்னைக்கு.” கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றிருந்தாள்.

முதலாளி முகம் செக்கச் சிவந்துவிட்டது. “யாரைக் கேட்டு?”

“நீங்கதான் சார் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுன்னு...”

“மூலவரையா சொன்னேன்? அறிவு வேண்டாமா? நடி ஆச்செ! முதல்ல வெளிய போ!”

அவள் திரும்பிவிட்டாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“இருங்க சார்” என்றேன். கையால் மேஜையைத் தட்டியிருக்கிறேன், இன்ஸ்பெக்டரின் டீ தளும்பியது. “நிறுத்தினது தப்புத்தானுங்க. அதுக்குத் திட்டுங்க, நானும் நேத்தே திட்டித் தீத்துப்போட்டேன். ஆனா அன்னைக்கு மூலவருக்கு மாலை போட்டு ஆரத்தி காட்டினது நீங்கதானுங்களே? மாலையில எழுத்து மறைஞ்சது, பச்ச வெளக்கு எரியல, உங்க கண்ணுக்கும் படலியே. அது கெடக்கட்டும். நீங்க அவள அனுப்பறேன்னு சொன்னது இதுக்கில்லீங்க சார். கை சரியில்லேன்னு சொன்னீங்க.”

இரண்டு கோடு போட்ட காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எங்கள் பிரிண்டரில் கறுப்பு மை மட்டும்தான் வரும். இரண்டு கோடும் கறுப்பு.

“இதுல ஒண்ணு அவ ஒட்டினது. இன்னொண்ணு உங்க ஃபர்ஸ்ட் பீஸு. எது உங்க கை, எது அவ கைன்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தார். விரலை வைத்து ஓரத்திலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தார். வாசலுக்கு மேலே அவருடைய கடிகாரம் டக் டக்கென்று ஓடுவது கேட்டது.

“வித்தியாசமே இல்லையாம்மா?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“இருக்கலாமுங்க சார். என்கிட்ட இருக்கற கருவிக்குத் தெரியல.”

அவர் அந்தக் காகிதத்தை மடிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தவளிடம், நிமிராமலேயே, “ஹோகம்மா, கெல்ச நோடு” என்றார். போ அம்மா, வேலையைப் பார். அவள் ஓடிப்போய்த் தன் மேஜையில் உட்கார்ந்தாள்.

முதல் பீஸோடு ஒப்பிட்ட அளவையே ஒப்புக்கொண்டு இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். மூலவர் பழைய நிதானத்துக்கு வர மழைக்காலமே முடிந்துவிட்டது. செயற்கைக்கோள் கருவியும் வந்தது, நான் கேட்காமலேயே. அவளிடம் முதலாளி வருத்தம் தெரிவித்தாரா என்று கேட்காதீர்கள். அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது. அந்தக் காகிதம் மட்டும் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எல்லா மெஷினும் ஓய்ந்து கிடக்க, மூலவரின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அவருக்குப் பக்கத்தில் புதுப் புடவையில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவள் நின்றாள். எழுத்து மறையாமல் மாலையை ஓரமாகப் போட்டிருந்தாள். முதலாளி கற்பூரத் தட்டோடு ஒவ்வொரு மெஷினாகக் காட்டிக்கொண்டே வந்து, மூலவர் பக்கம் கையை நீட்டினார்.

“சார், சார்! தூரத்துலேர்ந்தே காட்டுங்க” என்றாள் அவள். “சூடு பட்டா அவரு ஆடிப்போவாரு.”

முதலாளி அவளைப் பார்த்தார், மூலவரைப் பார்த்தார். பிறகு தட்டை ஏந்தியபடி பின்னால் நகர்ந்து, இது போதுமா என்று அவளிடம் கண்ணாலேயே கேட்டார்.

“இன்னுங் கொஞ்சம் சார்” என்றாள்.